மாப்பிள்ளைக் கல்

எங்கள் தீவில் காரை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கதவைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வடக்கேயிருந்து வரும் மெல்தேமிக் காற்று மனுஷன் தலையில் தொப்பியையே விட்டுவைக்காது, காரில் கதவை விட்டுவைக்குமா? காற்றுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஒய்யாரமாகக் கதவைத் திறந்தால், கீல் பிய்ந்து கதவு முன்பக்கமாகப் போய் மடங்கிக்கொள்ளும். துறைமுகத்தில் வாடகைக் கார் விடும் கல்லிரோயி, சாவியைக் கையில் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு வெளியூர்க்காரரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். "மூக்க காத்துக்குக் காட்டி நிறுத்துங்க. கதவ ரெண்டு கையால புடிச்சுத் திறங்க." எல்லாரும் தலையாட்டுவார்கள். சாயங்காலம் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அசடு வழிய வந்து நிற்பார்கள். அவள் புருஷன் ஸ்த்ராத்திஸுக்குக் கொட்டகையில் கதவு நிமிர்த்தியே தலை நரைத்துவிட்டது.

இந்தக் கதையில் வரும் வெளியூர் மனுஷன் மாட்டிக்கொண்டதும் கதவால்தான்.

முந்தின நாள் கப்பலில் வந்திறங்கிய ஜோடி. ஏதென்ஸ்காரர்கள். மனைவி பெயர் தனாயி. கலகலவென்று பேசுகிறவள், சிவப்பு ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பி, கடலைப் பார்த்த சந்தோஷம் முகம் முழுக்க. புருஷன் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் தொப்பையுமாக அலுவலகத்துக்குள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொண்டான். தனாயி கூப்பிட்டும் வரவில்லை.

"வண்டிய யாரும்மா ஓட்டப் போறீங்க?"

"நான்தாங்க. இவரு லைசென்ஸ வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாரு. ஒரு நாளும் மறக்காத மனுஷன், லீவுக்கு வரும்போது பாத்து மறந்துட்டாரு."

கல்லிரோயி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஸ்த்ராத்திஸ் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வெள்ளைக் காரில் அந்த ஆள் பையை வைக்கப் போனான். வண்டி காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. அவன் ஒரு கணம் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். பிறகு ஒரு கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, முழங்காலைக் கதவின் அடியில் முட்டுக்கொடுத்து, பைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்து, பையைத் தள்ளிவிட்டு மூடினான்.

இரண்டு கையால் பிடிக்கச் சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு. முழங்காலை முட்டுக்கொடுப்பது தீவுக்காரன் வழக்கம். அதை யாரும் யாருக்கும் வாயால் சொல்லிக்கொடுப்பதில்லை, அப்பன் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பான். கல்லிரோயியின் பேனா நின்றது.

"உங்க வீட்டுக்காரர் இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்காரா?"

"இல்லவே இல்ல. முதல் தடவை. ஆனா ஒண்ணு, நாலு கிளாஸ் உள்ள போனா ஒரு பாட்ட முணுமுணுப்பாரு. இந்தத் தீவுப் பாட்டாம், ரேடியோல கேட்டதாம். அதான், விசேஷ நாளுக்கு இங்கயே கூட்டிட்டு வருவோம்னு சொல்லாம கொள்ளாம டிக்கெட் போட்டேன். கப்பல் ஏறுற வரைக்கும் எங்க போறோம்னே அவருக்குத் தெரியாது!"

"என்ன விசேஷம்? கல்யாண நாளா?"

"அதவிடப் பெரிசு." தனாயி மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பல தடவை சொல்லி ருசி கண்ட கதை என்பது அவள் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது. "எங்களுக்குள்ள பழக்கம் இருந்துச்சு, ஆனா அவரு பிடி குடுக்காம நழுவிக்கிட்டே இருந்தாரு. எங்கயோ வெளியூர்ல வேலைன்னு போனவரு, ரெண்டு வருஷம். ஒரு நாள் காலைல கதவ தட்டுறாங்க. திறந்தா, இவரு! பிரேயுஸ் துறைமுகத்துலேர்ந்து நேரா வராரு. புத்தம்புது நீலக் கோட்டு, சட்டைப் பொத்தான்ல எலுமிச்சைப் பூ வாடிப்போயிருக்கு, கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு. 'தனாயி, என்னக் கட்டிக்கோ'ன்னாரு. நாளைக்குத்தான் அந்த நாள். ஆகஸ்ட் இருபத்தஞ்சு. இருபத்திரண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், யாருக்குக் கிடைக்கும் இப்படி?"

கல்லிரோயி சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்துவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்த நீலக் கோட்டு அவள் அப்பா வாங்கிக்கொடுத்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் கல்யாண உடுப்பு பெண் வீட்டார் செலவு. எலுமிச்சைப் பூவை அவன் பொத்தானில் செருகிவிட்டவளும் அவளேதான். வெளியே நிற்கிற தொப்பைக்காரன் இயோர்தானிஸ், மின்நிலையத்தில் வேலைக்கு வந்தவன், அவள் தங்கை ஸம்பேத்தாவுக்கு மாப்பிள்ளையாக வரவேண்டியவன்.

மேலூர் மாதா கோயில் வாசலில், கதவுக்கு வலப்பக்கம் ஒரு தட்டைக் கல் உண்டு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பூச்செண்டோடு அந்தக் கல்லில் காத்து நிற்பான். வயலின் முன்னே வர, பெண் பின்னே வருவாள். அவன் செண்டைக் கொடுப்பான், இருவரும் சேர்ந்து உள்ளே போவார்கள். அன்று ஸம்பேத்தா வந்தாள், வாத்தியக்காரர்கள் வந்தார்கள், தீவே வந்தது. கல்லில் ஆள் இல்லை. மின்நிலையத்தில் ஃப்யூஸ் போய்விட்டது, அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை, கல்யாணக் கோட்டோடு மதியக் கப்பலில் ஏறிவிட்டான். கப்பலில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். ஸம்பேத்தா நம்பவில்லை. அவன் நிற்கவேண்டிய கல்லில் அவளே ஏறி நின்றுகொண்டாள். இருட்டும்வரை நின்றாள். அப்பா கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். அந்தக் குளிர்காலம் தாண்டாமல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு விருந்தாளிகளுக்குக் கொடுக்க, சர்க்கரை பூசிய பாதாம் பருப்பை வெள்ளை வலைத்துணியில் முடிந்து கூடை கூடையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ரிப்பன், ரிப்பனில் பொண்ணு மாப்பிள்ளை பெயரும் தேதியும். கல்லிரோயி கூடையைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் போனாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு முடிச்சைத் திணித்தாள். "திங்காதீங்க. வச்சிருங்க. என்னைக்காச்சும் வருவான். அன்னிக்கு அவன் கையில திருப்பிக் குடுங்க." ஆத்திரத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் ஒருவரும் தின்னவில்லை. வீட்டுச் சாமி படங்களுக்குப் பின்னால், ஈஸ்டர் ஓலைச் சிலுவைக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்கள். அதற்கப்புறம் எந்த மாப்பிள்ளையும் அந்தக் கல்லில் நின்றதில்லை. பாதிரியார் எல்லாரையும் இடப்பக்கம் நிற்கவைத்துவிடுவார்.

கல்லிரோயி தீவு வரைபடத்தை விரித்து, மூன்று இடத்தில் பேனாவால் வட்டம் போட்டாள்.

"முதல்ல ஃபனூரிஸ் பங்க்ல பெட்ரோல் போட்டுக்கோங்க, வேற பங்க் கிடையாது. மத்தியானம் மிர்சினி கடைல சாப்பிடுங்க, கடல் ஓரம், மீன் அப்பத்தான் வந்திருக்கும். சாயங்காலம் மேலூர் கோயிலுக்குக் கட்டாயம் போயிடுங்க. அங்கேர்ந்து பாத்தா தீவு முழுக்கத் தெரியும்."

"மேலூர்ல பாக்க ஒண்ணும் இருக்காது," என்றான் வெளியிலிருந்து அவன். முதல் தடவையாக வாயைத் திறந்தான். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "ஏத்தம் வேற ஜாஸ்தி. வண்டி திணறும்."

"ஏத்தம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தனாயி சிரித்தாள்.

"மேலூருன்னா மேலதான இருக்கும்."

"என் வண்டி திணறாது சார்," என்றாள் கல்லிரோயி. "எத்தன கனத்த வேணா ஏத்தும்."

வண்டி வளைவில் மறைந்ததும் அவள் போனை எடுத்தாள். வட்டம் போட்ட மூன்று இடத்துக்கும் விஷயத்தைச் சொன்னாள். ஸ்த்ராத்திஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னடி? பேய் கண்டவ மாதிரி இருக்க?"

"பேயில்ல. மாப்பிள்ள."

அவள் சொல்லி முடித்ததும் அவன் தலையைச் சொறிந்தான். "அந்தப் பொம்பளை என்ன பாவம் பண்ணா கல்லிரோயி? அது பாட்டுக்கு சிரிச்சிக்கிட்டுப் போவுது."

"என் தங்கச்சி என்ன பாவம் பண்ணா?"

"ஸம்பேத்தாவுக்கு சொல்லிட்டியா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விட்ட, உன் ஸ்பேனர எல்லாம் கடல்ல கொட்டிடுவேன்."

துறைமுகக் கோடியில் நான்கு அறைகள் வாடகைக்கு விட்டுக்கொண்டு தனியாக இருந்தாள் ஸம்பேத்தா. அவள் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் அவனைப்பற்றி ஒரு சுடுசொல் வந்ததில்லை. வசைபாடும் வேலை முழுவதையும் அக்காதான் எடுத்துச் செய்தாள். ஆகஸ்ட் இருபத்துநான்காம் தேதி மட்டும் ஸம்பேத்தா வெளியே வரமாட்டாள். இன்று அந்தத் தேதி. அவன் போய் அவள் முன்னால் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், இளகின மனசுக்காரி மன்னித்துத் தொலைப்பாள். கல்லிரோயிக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். மன்னிப்பு கிடைக்கும் முன்னால் அவன் அந்தக் கல்லில் நிற்கவேண்டும். ஊர் பார்க்க நிற்கவேண்டும். அதற்காகத்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் காத்துக்கிடந்தாள்.

பங்க்கிலிருந்து ஃபனூரிஸ் கூப்பிட்டான். குரலில் குஷி தாங்கவில்லை.

"அக்கா! முடிச்சக் குடுத்துட்டேன்! அந்தம்மா கையில குடுத்தேன், 'எங்க ஊர் வழக்கம்மா'ன்னு. ரிப்பனப் படிச்சிச்சு. 'ஸம்பேத்தா, இயோர்தானிஸ். ஐயோ, உங்க பேருங்க!'ன்னு ஒரே சிரிப்பு."

"அவன்?"

"'சாதாரணப் பேருதான'ன்னான். மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி ஆயிடுச்சு. கிளம்பு கிளம்புன்னு வண்டியத் தட்டுறான். நான் டேங்க்க மெதுவா ரொப்பினேன். சொட்டு சொட்டா."

"நல்லா இருடா தம்பி."

மத்தியானம் மிர்சினி. கடை சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"தட்டுல வச்சு அவன் முன்னாடியே வச்சேன் கல்லிரோயி. பில்லு எவ்வளவுன்னு கேட்டான். 'மாப்பிள்ளைகிட்ட காசு வாங்குவாங்களா, நல்லா சாப்பிடு'ன்னேன். பொண்டாட்டி இந்தத் தடவை சிரிக்கல. என்னையும் பாக்குறா, அவனையும் பாக்குறா. மீன பாதில வச்சிட்டா. நல்ல மீன், பாவம்."

"மேல வராங்களா?"

"அவன் துறைக்குத் திரும்புன்னு கெஞ்சுறான். அவ மேலூருக்குத்தான் திருப்பினா. எனக்கு எதையோ பாக்கணும்னு சொல்லிக்கிட்டே ஏறினா."

கல்லிரோயி அலுவலகத்தைப் பூட்டினாள். பழைய வேனை எடுத்தாள். ஸ்த்ராத்திஸ் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வேடிக்கை பார்க்க அவளுக்குத் துணை தேவையில்லை.

கோயில் முற்றத்துக் குட்டிச்சுவரில் மேலூர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடலைப் பார்க்க வந்தவர்கள் போல. எல்லார் சட்டைப் பையும் புடைத்திருந்தது. வெள்ளைக் கார் ஏறி வந்தது. தனாயி காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள். "திருப்பி நிறுத்து," என்று உள்ளே அவன் சொல்வது கேட்டது. அவள் கேட்கவில்லை. ஆனாலும் அப்போது காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், கதவு தப்பித்தது.

இறங்கியவள் கையில் இரண்டு முடிச்சுகள். கல்லிரோயியைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்களும் இங்கயா?"

"ஒரு கல்யாணத்துக்கு வந்தோம்மா."

"யாரு கல்யாணம்?"

"பாதில நின்ன கல்யாணம்."

முதலில் கிழவர் தானாசிஸ் எழுந்தார், அன்று வயலின் வாசித்தவர். மெல்ல நடந்து போய் அவன் கையில் முடிச்சை வைத்தார். "நல்லா வாழு மாப்பிள்ள." அடுத்து அவர் மகள். அடுத்து பாதிரியார் மனைவி. அடுத்து, அடுத்து. "நல்லா வாழு மாப்பிள்ள." "வாழ்த்துகள்." "இத்தன நாளா வச்சிருந்தோம், பத்திரமா." அவன் கைகள் நிரம்பின, முடிச்சுகள் வழிந்து தரையில் விழுந்தன. கல் போல் இறுகிப்போயிருந்த பாதாம்கள் கல்தரையில் பட்டுச் சத்தம் எழுப்பின.

தனாயி குனிந்து ஒன்றை எடுத்தாள். ரிப்பனை விரல்களால் நீவினாள். பெயர்களை ஏற்கெனவே படித்துவிட்டாள். இப்போதுதான் தேதியைப் பார்த்தாள். வருஷத்தையும் பார்த்தாள்.

"ஆகஸ்ட் இருபத்தி நாலு," என்றாள். "நீ மறுநாள் காலைல வந்த."

"தனாயி, இது ஒரு பைத்தியக்கார ஊரு..."

"உனக்கு இந்த ஊரே தெரியாதுன்ன."

"தெரியாதுதான். சத்தியமா."

"முழங்கால் முட்டுக்குடுத்து கதவத் திறக்க மட்டும் தெரியுமோ?" என்றாள் கல்லிரோயி. "எங்கப்பா சொல்லிக்குடுத்தது. அவரோட லாரியில. மருமகனாச்சேன்னு."

தனாயி அவள் பக்கம் திரும்பினாள். "அந்தக் கோட்டு," என்றாள்.

"நீலக் கோட்டு. உள்பக்கம், இடது பாக்கெட்டுக்கு மேல செவப்பு நூல்ல சின்னதா ஒரு சிலுவை இருக்கும். கண்ணு படக்கூடாதுன்னு நான் தச்சேன்."

"அவங்கம்மா தச்சதுன்னாரு." தனாயியின் குரல் கீழே இறங்கிவிட்டது. "அந்தக் கோட்ட நான் இன்னும் அந்துருண்டை போட்டு வச்சிருக்கேன்."

அவள் அழுவாள் என்று கல்லிரோயி நினைத்தாள். அழவில்லை. தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றி, புருஷன் கையிலிருந்த முடிச்சுக் குவியலின் மேலே வைத்தாள். காருக்கு நடந்தாள். அவன் பின்னால் ஓடினான். "நான் சொல்றத கேளு, அப்ப நான் சின்னப் பையன், என்னையக் கட்டாயப்படுத்தி..." காற்று மறுபடியும் எழுந்துவிட்டிருந்தது. தனாயி கதவை ஒற்றைக் கையால், பிடிக்காமல், ஆத்திரமாகத் திறந்தாள். கதவு அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னே பறந்தது. கீல் முறிந்த சத்தம் கோயில் சுவரில் மோதித் திரும்பியது. கல்லிரோயி தன் வண்டியின் கதவு பிய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொங்கும் கதவோடு வண்டி இறக்கத்தில் போனது.

அவன் முற்றத்தில் தனியாக நின்றான். கல்லுக்கு நான்கடி தள்ளி.

"கல்லு அங்க இருக்கு மாப்பிள்ள," என்றார் கிழவர் தானாசிஸ்.

அவன் கல்லைப் பார்த்தான். கையிலிருந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு, இறக்கத்தில் காரைத் துரத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கல்லில் ஏறவில்லை. கல்லிரோயிக்கு நெஞ்சு நிறையாமலே போயிற்று.

கப்பல் கிளம்புவதற்குச் சற்று முன்னால் தனாயி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அவளுடைய பெட்டி மட்டும். ஓட்டல் அறையைக் காலி செய்துவிட்டாள். கார் சாவியை வண்டித் தரைவிரிப்புக்கு அடியில் வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம், ஆனால் அவள் நேரில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"கதவு போயிடுச்சு. நான் தந்துடுறேன்."

"வேண்டாம்மா. கதவு என் செலவு."

"காலைல என் கதையக் கேட்டு சிரிச்சீங்க." தனாயி அவளையே பார்த்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாம், தனியா கூப்பிட்டு. சொல்லல. என்னைய வச்சு அவன அடிச்சீங்க."

கல்லிரோயிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாம்மா," என்றாள். "அடிச்சேன்."

தனாயி தலையை அசைத்துவிட்டுப் போனாள். கப்பலின் சங்கு ஊதியது. அந்த நாள் முழுவதிலும் கல்லிரோயிக்கு வலித்தது அந்த நேரம்தான். ஆனால் வலித்ததற்காக அவள் வருத்தப்பட்டாள் என்று சொல்லமாட்டேன்.

கப்பல் முனையைத் தாண்டிப் போன பிறகு அவன் வந்து சேர்ந்தான். செருப்பு வார் அறுந்திருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அதற்குள் துறைமுகக் காவல் அதிகாரி பலகையில் எழுதி மாட்டிவிட்டார்: காற்று பலம், மறு உத்தரவு வரை கப்பல் கிடையாது. அவன் அதைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு கல்லிரோயியின் வாசலுக்கு வந்தான்.

"ஒரு கார் வேணும். தெக்குத் துறைல மீன்பிடிப் படகு ஏதாச்சும் இருக்கும்."

"லைசென்ஸ் வீட்டுல இருக்குன்னீங்களே சார்? லைசென்ஸ் இல்லாம குடுத்தா என்னைய உள்ள போட்டுடுவாங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பணப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினான். கல்லிரோயி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, பெயரை, அப்பன் பெயரை, பிறந்த ஊரை, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள்.

"அட, நம்ம இயோர்தானிஸா! சொல்லவே இல்லியே! வண்டி எல்லாம் வெளிய போயிருக்கு."

"இங்க அஞ்சு நிக்குதே!"

"காத்து வாங்க நிக்குது."

காப்பிக் கடையே சிரித்தது. அவன் ஓட்டலுக்குப் போனான், அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார்கள். பக்கத்து வீட்டில் கேட்டான். அதற்கடுத்த வீட்டில் கேட்டான். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான் வந்தது, கை நீட்டிக் காட்டி: "கடைசி வீட்டுல கேளுங்க. ஸம்பேத்தாகிட்ட ரூம் இருக்கும்."

கல்லிரோயி இதை எதிர்பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே ஆட்டத்தை நீட்டிவிட்டார்கள். அவளுக்குத் திக்கென்றது. கல்லில் ஏறாதவன் தங்கச்சி வாசலுக்குப் போகிறான், அவள் உருகிவிடுவாள், எல்லாம் முடிந்தது. பின்னாலேயே ஓடினாள்.

ஸம்பேத்தா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்து வெண்டைக்காய்க் காம்பு சீவிக்கொண்டிருந்தாள். இந்தத் தேதியில் அவள் வாசலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நரைத்த முடியை வாரி முடிந்திருந்தாள்.

"ஸம்பேத்தா," என்றான் அவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிதானமாக, தலையிலிருந்து கால்வரை.

"இளைச்சிருப்பன்னு நெனச்சேன்," என்றாள். "தொப்ப போட்டிருக்க."

"என்னை மன்னிச்சிடு. அப்ப எனக்குப் புத்தி இல்ல. பயந்துட்டேன். உன்ன நினைக்காத நாள் இல்ல." அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "எல்லாம் போச்சு ஸம்பேத்தா. அவளும் போயிட்டா. எனக்கு இன்னிக்கு ராத்திரி தலை சாய்க்க இடமில்ல."

"அடப்பாவமே," என்றாள் ஸம்பேத்தா.

கல்லிரோயி பல்லைக் கடித்தாள். பாழாய்ப்போனவள், இதோ விழுந்துவிட்டாள்.

"வாசல்ல நின்னு பேசினா ஊரு பாக்கும்," என்றாள் ஸம்பேத்தா. "மேலூருக்குப் போ. கோயில் கல்லு தெரியும்ல? அதுல நில்லு. நான் இத அடுப்புல ஏத்திட்டு, கதவப் பூட்டிட்டு வரேன். அங்க உக்காந்து பேசிக்கலாம். பேசிட்டு ரூம் சாவி தரேன்."

"நிஜமா வருவியா?"

"நாலு மணிக்குக் கல்லுல நிப்பேன்னு நீ எங்கிட்ட சொன்னல்ல, அத மாதிரியே சொல்றேன். வருவேன்."

அவன் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தான். அதில் கோபத்தின் சுவடே இல்லை. அவனுக்குப் போக வேறு இடமும் இல்லை. அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்தான்.

கல்லிரோயி வெடித்தாள். "வெக்கமா இல்ல உனக்கு? ரெண்டு சொட்டுக் கண்ணீருக்கா? அப்பா எப்படிச் செத்தாருன்னு மறந்துடுச்சா? நீ போ, போய்க் கொஞ்சிக்கிட்டு நில்லு! நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

"உள்ள வா அக்கா. கத்தாத."

சமையலறையில் ஸம்பேத்தா எண்ணெய் ஊற்றினாள், வெங்காயம் போட்டாள், தக்காளி போட்டாள், வெண்டைக்காயைப் போட்டு மூடினாள். அவசரமே இல்லை. மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள், இரண்டு கிளாஸில் ஊஸோ சாராயம் ஊற்றினாள். கதவைப் பூட்டவில்லை, தலையில் துணி கட்டவில்லை, செருப்பும் போடவில்லை.

"நேத்து கப்பல்லேர்ந்து இறங்கும்போதே பாத்துட்டேன்," என்றாள். "நடை மாறுமா? நீ இன்னிக்குப் பூரா ஊரக் கூட்டி ஆட்டம் போட்ட. சர்க்கரை முடிச்சு, மைக் வச்ச மாதிரி லைசென்ஸ் படிச்சது, எல்லாம் காதுக்கு வந்துச்சு. எனக்கு அதெல்லாம் வேணாம்க்கா. அவன் அந்தக் கல்லுல நிக்கணும். நான் வருவேன்னு நம்பி நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கல்லிரோயி ஜன்னலுக்குப் போனாள். மலைமேல் கோயில் வெள்ளையாகத் தெரிந்தது, கடைசி வெளிச்சம் அதன்மேல் இருந்தது. வாசலுக்கு வலப்பக்கம், கல்லின் மேல் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். காற்றில் அவன் சட்டை படபடப்பது இங்கிருந்தே தெரிந்தது. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் ஒவ்வொருவராக வீட்டைவிட்டு வெளியே வந்து மேலே பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை.

"நிக்கிறான்," என்றாள் கல்லிரோயி.

"நிக்கட்டும்." ஸம்பேத்தா பானையை மேஜையில் இறக்கிவைத்தாள். "ஜன்னல சாத்திட்டு வா அக்கா, சோறு ஆறிடும்."